கூடப்பிறந்தவரை இழந்த பிறகு: செட்டிநாட்டில் அடிக்கடி காதில் விழும் கேள்விகள்

காரைக்குடியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் அண்ணன் காலமான பிறகு, அதே இழப்பில் இருந்த பலர் என்னிடம் பேச வர ஆரம்பித்தார்கள். பள்ளத்தூர், தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல் என்று ஊர்தான் வேறு. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். கேட்டவர்கள் சொன்னபடியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். சடங்கு, சொத்து, மருத்துவம் எல்லாம் நடுவே வரும். சாவு வந்த வீட்டில் இவையெல்லாம் ஒரே வாரத்தில்தான் வந்து நிற்கின்றன.

அண்ணன் போய் அஞ்சு மாசம் ஆச்சு. ஒரு நாள் நல்லா இருக்கேன், மறுநாள் எந்திரிக்கவே முடியல. எனக்கு ஏதும் கோளாறா ஆச்சி?

இல்லை, இது இயல்பானதுதான். துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று ஒரு பட்டியல் வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு, "நான் எந்தப் படியில் நிற்கிறேன்" என்று குழம்பியவர்கள் நிறையப் பேர். அந்த ஐந்தும் 1969-ல் அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவர், சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியவை. பறிகொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக வகுத்த கால அட்டவணை என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெதர்லாந்தில் பணியாற்றிய இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னது நம் அனுபவத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. மனசு கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகும், கொஞ்ச நேரம் அன்றாட வேலையின் பக்கம் வரும், மறுபடி போகும். இப்படிப் போய்வருவதுதான் துக்கம் தாங்கும் வழி என்றார்கள். நேற்று கடைக்குப் போய்க் கணக்குப் பார்த்தவர் இன்று படுத்துக் கிடந்தால், பின்னால் போய்விட்டார் என்று நினைக்காதீர்கள்.

கேதம் கேட்க வர்றவங்க எல்லாம் "ஆத்தாவைப் பார்த்துக்கப்பா"ன்னுதான் சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே ஆகலையா?

ஆகியிருக்கிறது. ஆனால் ஊருக்கு அது கண்ணில் படுவதில்லை. முகப்பில் செருப்பைக் கழற்றியதுமே எல்லாரும் தேடுவது பெற்றவளை. பிறகு கட்டியவளை. பிறகு பிள்ளைகளை. கூடப்பிறந்தவன் அந்த நேரம் ஐஸ் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் திருச்சியில் இறங்குகிறார்களா மதுரையிலா என்று விசாரித்துக்கொண்டிருப்பான். பந்தல்காரரிடம் நாற்காலிக் கணக்குப் பேசுவான். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதும் அவன் தலையில்தான். காரியம் முடிந்து, கூட்டம் கலைந்து, வீடு வெறிச்சோடிய பிறகுதான் அவனுக்கு அழ நேரம் கிடைக்கிறது. அப்போது கேட்க ஆள் இருப்பதில்லை.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-லேயே இதைப் பற்றி எழுதினார்: சுற்றி இருப்பவர்கள் "உனக்கும் துக்கம் உண்டு" என்று ஒப்புக்கொள்ளாத துக்கம், ஆறுவதற்கு இன்னும் கடினமாகிறது. ஆகவே நீங்களே ஓர் ஆளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடப் படித்தவர், சித்தப்பா மகன், யாராக இருந்தாலும் சரி. "காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து வா, உன்னிடம் பேசணும்" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் கேதம் கேட்கப் போகிறவராக இருந்தால், அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தத் தம்பியிடமும் "உனக்கு எப்படியப்பா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெத்தவங்க போனப்போகூட இப்படி ஆடிப் போகல டீச்சர். தங்கச்சி போனதும் ஏன் இப்படி?

பெற்றவர்கள் நமக்கு முன்னால் போவார்கள் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு மூலையில் தெரியும். கூடப்பிறந்தவரை அப்படி யாரும் நினைத்து வைப்பதில்லை. அப்பா அம்மாவுக்கு நம் முதல் பாதி தெரியும், கட்டியவருக்கும் பிள்ளைகளுக்கும் பின் பாதி தெரியும். கூடப்பிறந்தவருக்குத்தான் முழுசும் தெரியும். கடைசிவரை கூட வரும் என்று கேட்காமலேயே நம்பியிருந்த உறவு அது.

எங்கள் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புச் சுவர். சித்திரை வெயிலில் வெளியே விளையாடிவிட்டு வந்து அதில் கன்னத்தை ஒட்டிக்கொண்டால் ஜில்லென்று இருக்கும். ஜன்னலிலிருந்து கதவு வரை அண்ணன் இடம், கதவுக்கு அந்தப் பக்கம் என் இடம். வியர்வைக் கறை படிகிறது என்று அப்பச்சி (எங்கள் அப்பா) ஒருநாள் எங்கள் இருவரையும் முகப்புத் திண்ணையில் சாயங்காலம் வரை உட்கார்த்தி வைத்தார். இதை என் பிள்ளைகளிடம் சொன்னால் கதையாகக் கேட்டுக்கொள்வார்கள். "ஆமா, ஆனா அது மாசி மாசம், சித்திரை இல்ல" என்று திருத்துவதற்கு உலகத்தில் இப்போது ஒருவரும் இல்லை. தங்கையை இழந்தவர் தங்கையை மட்டும் இழப்பதில்லை. தன் சிறுவயதுக்கு இருந்த ஒரே சாட்சியையும் சேர்த்து இழக்கிறார். ஆடிப் போவதற்கு அது போதும்.

வாழ்க்கையைப் பார்க்கிற விதமே மாறிடும்னு சொல்றாங்களே, நெசமா? எப்படி மாறும்?

மாறும். ஆனால் எல்லாருக்கும் ஒரே திசையில் மாறாது, எல்லா மாற்றமும் நல்லதாகவும் இருக்காது.

முதலில் அடிபடுவது "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற சொல். ஓய்வு பெற்றதும் ஊரில் வந்து சேர்ந்து இருப்போம், பிள்ளைகள் கல்யாணம் முடிந்ததும் காசிக்குப் போவோம், அடுத்த படைப்புக்கு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாளுக்கு) எல்லாரும் ஒன்றாக வருவோம் என்று தள்ளிப்போட்டதெல்லாம் ஒரே நாளில் பொய்த்துப் போகிறது. அதன் பிறகு சிலர் தள்ளிப்போடுவதையே விட்டுவிடுகிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர், தம்பி போன பிறகு ஒவ்வொரு மாதமும் ஆத்தாவைப் பார்க்க வந்துவிடுகிறார். முன்பு வருஷத்துக்கு ஒருமுறை வந்தவர். இன்னொருவர் அதே காரணத்தால் எதையுமே திட்டமிடுவதை நிறுத்திவிட்டார். "என்னத்துக்கு?" என்கிறார். இரண்டு பேருக்கும் கிடைத்த பாடம் ஒன்றுதான், அதை வைத்து அவர்கள் போன வழி வேறு.

பொறுமை குறையும். கல்யாண வீட்டில் மொய் எழுதியதில் யார் பெயர் முன்னால் வந்தது என்று சண்டை நடந்தால், எழுந்து போய்விடத் தோன்றும். இரவு பத்து மணிக்கு மேல் போன் அடித்தால் வயிறு பிசையும். மிச்சம் இருக்கும் அண்ணன் தம்பிகள் வண்டி எடுத்துக்கொண்டு போனால், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும்வரை கை வேலையில் நிற்காது. சாமி விஷயமும் அப்படித்தான். அக்கா போன வருஷமே தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடிக் கூட்டத்தோடு நடந்து போனவரை எனக்குத் தெரியும். கோயில் வாசலில் நின்று உள்ளே போகாமல் வருஷக்கணக்கில் திரும்பி வந்தவரையும் தெரியும். இரண்டாமவருக்குப் பக்தி குறைவு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். "இது உன்னைப் பக்குவப்படுத்தத்தான் நடந்தது" என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நமக்குப் புத்தி வருவதற்காக இன்னொருவர் சாவதில்லை. அப்புறம், பார்வை இப்படிக் கலங்கிக் கிடக்கும் முதல் வருஷத்தில் வேலையை விடுவது, வீட்டை விற்பது, உறவை முறிப்பது போன்ற முடிவுகளைக் கூடுமானவரை தள்ளி வையுங்கள். தள்ளிப்போடாதே என்று மனசு சொல்லும்போதுதான் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. கடினம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

அண்ணன் 46-ல மாரடைப்புல போனாரு. எனக்கு இப்ப 44. அந்த வயசு நெருங்க நெருங்க பயமா இருக்கு.

இந்தப் பயத்தை நான் கேட்காத வீடு இல்லை. இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பாதிக்கு மருத்துவரிடம் பதில் உண்டு. உடன்பிறந்தவரோ பெற்றோரோ, ஆண் என்றால் 55 வயதுக்கு முன்பும் பெண் என்றால் 65 வயதுக்கு முன்பும் இதய நோய்க்கு ஆளாகியிருந்தால், அதைக் குடும்பவழி ஆபத்தாக மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே போய் "என் அண்ணன் 46 வயதில் இப்படிப் போனார்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இசிஜி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். கிராமத்தில் இருந்தால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். புகையிலை இருந்தால் இன்றே விடுங்கள். அக்கா தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் பெண்கள் அதையும் இதே மாதிரி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மற்றப் பாதி பரிசோதனையில் தீராது. அண்ணன் தொட்ட வயதைத் தாண்டக் கூடாது என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று நினைக்கிறது. அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளியே சொன்னால் பாரம் பாதியாவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் அந்த வயசைத் தாண்டிட்டேன் ஆச்சி. இப்ப நான் அண்ணனுக்கு மூத்தவளா?

கணக்குப்படி ஆம். மனசுப்படி ஒருநாளும் இல்லை. அந்தப் பிறந்தநாளில் பாயசம் இறங்கவில்லை என்று சொன்னவர்கள் பலர். நீங்கள் தனியாள் இல்லை.

செட்டிநாட்டில் இந்த மூத்தவர் விஷயம் வயதோடு நிற்பதில்லை, காரியத்திலும் வரும். பிள்ளையார் நோன்பை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை தீபத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக 21 நூல் சேர்த்துத் திரியாக்கி, மாவில் வைத்து, நெய் தொட்டு ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். அந்த இழையை வீட்டில் மூத்தவர்தான் எடுத்துக் கொடுப்பார். அப்பச்சிக்குப் பிறகு அண்ணன் கொடுத்தார். அவர் போன மார்கழியில் எல்லாரும் சாமி வீட்டு முன்னால் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அதுவரை கை நீட்டி வாங்கியே பழகியவள் நான். மாவை விரலால் பிடித்துத் திரியை நிமிர்த்தும்போது, இனி இந்த வீட்டில் எனக்கு மேலே ஆள் இல்லை என்பது உறைத்தது. சொத்து, சொல், பொறுப்பு எல்லாவற்றுக்கும் அப்புறம் அப்படித்தான். கடைக்குட்டியாக இருந்தவர்கள் திடீரென்று பெரியவர்களாகும்போது கோபமும் வரும், "ஏன் இதை என் தலையில் போட்டுவிட்டுப் போனாய்" என்று. அந்தக் கோபம் பாவமில்லை.

"கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?"னு புதுசா யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?

உங்களுக்கு எந்த எண் வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை இல்லை. நான் இன்றும் "நாங்கள் மூணு பேர்" என்றுதான் சொல்கிறேன். பேச்சு வளர்ந்தால் மட்டும், "அண்ணன் இப்போ இல்லை" என்று சேர்த்துக்கொள்கிறேன். குறைத்துச் சொல்லிவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்ததாகச் சொன்ன பெண்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் குறைக்க வேண்டாம்.

நான் கட்டிக்குடுத்த பொண்ணு. எனக்குத் தீட்டு கொஞ்ச நாள்தான்னு சொல்லிட்டாங்க. அதோட முடிஞ்சுதா?

தீட்டு சடங்குக்கு உரியது. எந்த வீட்டுக்குப் போனவள் எந்த வீட்டுக் காரியத்தில் சேர்த்தி என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட கணக்கு. துக்கத்தை அளக்க ஏற்பட்டதல்ல. புகுந்த வீட்டில் மூன்றாவது வாரமே கந்தரப்பம் சுட்டு விசேஷம் நடத்துகிறார்கள், சிரித்த முகமாக நிற்கச் சொல்கிறார்கள் என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரரிடமோ மாமியாரிடமோ நேராகச் சொல்லுங்கள்: "சடங்கு முடிந்தது, எனக்கு இன்னும் முடியவில்லை. இந்த வருஷம் அடுப்படியில் வேலை பார்க்கிறேன், முகப்பில் நிற்கச் சொல்லாதீர்கள்." பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

தீபாவளி, பொங்கல், படைப்பு எதில் கலந்துகொள்ளலாம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் பங்காளிகளில் பெரியவரைக் கேளுங்கள். படைப்பில் அவர் பெயரைச் சொல்லி வேட்டி வைத்துக் கும்பிட்டது, ஆறுதல் பேச்செல்லாம் தராத நிம்மதியைத் தந்தது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பியும் நானும் வீட்டுப் பங்கு விஷயத்துல நாலு வருஷமாப் பேசல. அப்படியே போயிட்டான். இதை எப்படித் தாங்குறது?

இருப்பதிலேயே கனமான கேள்வி இது. பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். பேசாமல் போனது போனதுதான்.

ஆனால் பேசாமல் இருந்தவர்களுக்கு அன்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. அன்னியரிடம் பங்குத் தகராறு வந்தால் வக்கீலைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவோம். தம்பியிடம் வந்தால்தான் நாலு வருஷம் நெஞ்சில் கிடக்கிறது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவர் பக்கமும் அப்படித்தான் இருந்திருக்கும். உங்களுக்குக் கேட்காதபடி உங்களைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று அவர் மனைவியிடமோ நண்பரிடமோ விசாரித்துப் பாருங்கள். "நான் திட்டுவேன், மத்தவன் எங்கண்ணனைத் திட்டக் கூடாது" என்று சொன்னதாகத் தெரிந்துகொண்ட ஒருவர் என் எதிரே உட்கார்ந்து குலுங்கினார்.

இன்னும் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. தகராறை அவர் பிள்ளைகள் மேல் ஏற்றாதீர்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

வளவுல அவரோட அறைச் சாவி என்கிட்ட இருக்கு. திறக்கவும் மனசில்ல, குடுக்கவும் மனசில்ல. சட்டம் என்ன சொல்லுது?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். இவர்களில் ஒருவர் இருந்தாலும் அவருடைய பங்கில் உடன்பிறந்தவருக்கு உரிமை இல்லை. உடன்பிறந்தோர் இரண்டாம் வகுப்பில், தந்தைக்கும் பிறகு வருகிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதில் அண்ணியின் பெயரும் பிள்ளைகள் பெயரும் சரியாக வருகிறதா என்று நீங்கள் கூட இருந்து பாருங்கள். சாவி அவர்களுடையது.

அதைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அண்ணியோடும் பிள்ளைகளோடும் சேர்ந்து திறங்கள், தனியாகத் திறக்க வேண்டாம். பெட்டியில் பள்ளிக்கூட நோட்டு, ரங்கூன் காலத்து ஐயாவின் கடிதம், துருப்பிடித்த சவரக் கத்தி என்று என்னவெல்லாமோ வரும். எது எந்தக் கதை என்று உங்களுக்குத்தான் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. உட்கார்ந்து சொல்லுங்கள். வீட்டையே கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் இந்த நேரத்தில்தான் கிளம்பும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போன கதவும் தூணும் திரும்பி வராது. முதல் வருஷத்தில் பெரிய முடிவு வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

அண்ணன் பிள்ளைங்களுக்கு நான்தான் இனிமே அப்பாவா?

வேண்டாம், சித்தப்பாவாகவே இருங்கள். அப்பா இடத்தில் போய் உட்கார்ந்தால் பிள்ளைகள் ஒரு பக்கம் ஒதுங்குவார்கள், உங்கள் பிள்ளைகள் மறுபக்கம். படிப்புக்குப் பணம் தேவையா, கையெழுத்துப் போட ஆள் தேவையா, செய்யுங்கள். அதைவிடப் பெரிய காரியம், அவர்களுக்குத் தெரியாத அப்பாவைச் சொல்வது. பதினைந்து வயதில் சைக்கிளில் பிள்ளையார்பட்டிக்குப் போய் வழியில் டயர் வெடித்து அவர் அழுத கதையை அண்ணியால் சொல்ல முடியாது.

என் மகளுக்குக் காது குத்தணும். தாய்மாமன் இல்லையே?

உங்கள் சித்தப்பா, பெரியப்பா மகன்கள் முறைக்கு நிற்கலாம். அண்ணன் மகன் வளர்ந்தவன் என்றால் சீர்த்தட்டைத் தூக்கி வர அவனைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கலந்துகொண்டு, யார் மடி என்பதை ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். சபையில் வைத்து "யார் உட்காரப் போறா?" என்று யாரும் கேட்கும் நிலை வரக் கூடாது. அன்று அழுகை வந்தால் அழுங்கள், மகளுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

பெரியவனுக்கு ஏழு வயசு. தங்கச்சி செத்துட்டான்னு எப்படிச் சொல்றது? ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கோம்.

உண்மையைச் சொல்லுங்கள், இன்றைக்கே. "தூங்குகிறாள்" என்றால் தூங்கப் பயப்படுவான். "ஊருக்குப் போயிருக்கிறாள்" என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பான், யாராவது ஊருக்குப் போனாலே நடுங்குவான். "பாப்பாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அவள் இறந்துவிட்டாள். இனி வர மாட்டாள். எங்களுக்கும் அழுகையாக வருகிறது" என்று சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு "இனி வராது" என்பது பிடிபடாது, திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஏழு வயதில் பெரும்பாலும் பிடிபடும்.

கேட்காவிட்டாலும் இன்னொன்றைச் சொல்லுங்கள்: "நீ அவளோடு சண்டை போட்டதால் இது நடக்கவில்லை." பொம்மைக்கு அடித்துக்கொண்டதையும், "நீ செத்துப் போ" என்று கோபத்தில் கத்தியதையும் பிள்ளைகள் மனசில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பார்கள். நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன், நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இறந்த குழந்தையோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் வர வேண்டாம். இருக்கும் பிள்ளை இரண்டு பேராக வாழ முடியாது.

தம்பி தானா முடிவு தேடிக்கிட்டான். ஊர்ல "உடம்பு சரியில்லாம"ன்னு சொல்லியாச்சு. எனக்குத்தான் தொண்டையில நிக்குது.

ஊருக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல ஒரே ஓர் ஆளாவது உங்களுக்கு வேண்டும். "அன்றைக்குப் போனை எடுத்திருந்தால்" என்ற நினைப்பு இரவு பகலாக வரும். பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்தால் ஒருவர் அந்த இடத்துக்குப் போவதில்லை. மனநோய், கடன், அவமானம், குடி என்று பல சேர்ந்து அழுத்துகின்றன. எடுக்காத ஒரு போனுக்கு அவ்வளவு பலம் கிடையாது. உயிரை விட முயல்பவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சட்டமே அப்படிப் பார்க்கும்போது, உங்கள் தம்பியைக் கோழை என்றோ பாவி என்றோ பேசுகிறவர் முன்னால் நீங்கள் தலைகுனிய வேண்டாம்.

உங்களுக்கே அப்படி நினைப்பு வந்தால் தாமதிக்காதீர்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050.

எப்போ டாக்டர்கிட்டப் போகணும்?

மேலே சொன்ன மாதிரி நினைப்பு வந்தால் அன்றே. அது இல்லையென்றாலும், மாதங்கள் ஓடியும் நாள் முழுதும் ஏக்கம் ஒரே அளவில் நிற்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை, குடி கூடுகிறது, சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை என்றால் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் "நீடித்த துக்கம்" தனியாக இடம் பெற்றிருக்கிறது. அதில் குறைந்தது 6 மாதம் என்று வரையறை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறையில் பெரியவர்களுக்கு 12 மாதம். முதல் கேள்வியில் சொன்ன ஏற்ற இறக்கம் இதில் சேராது, இறக்கமே நிரந்தரமாக நிற்பதுதான் சேரும். இதற்கென்று பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது.

இப்பெல்லாம் சிரிச்சா, அவனுக்குத் துரோகம் செய்ற மாதிரி இருக்கு. அவன் குரல்கூட மறந்துட்டு வருதோன்னு பயமா இருக்கு ஆச்சி.

சிரியுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததையே நினைத்துத்தான் பாதி நேரம் சிரிக்கிறீர்கள், கவனித்துப் பாருங்கள். பற்றை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் தீரும் என்று ஆராய்ச்சியாளர்கள் ஒருகாலத்தில் சொன்னார்கள். 1990-களிலிருந்து அந்தப் பேச்சு மாறிவிட்டது. இறந்தவரோடு உள்ள உறவை வேறு விதமாகத் தொடர்வதும் ஆரோக்கியம்தான் என்கிறார்கள். படைப்பு போடுகிற ஊருக்கு இது புதுச் செய்தியே இல்லை. அவருக்குப் பிடித்த வெள்ளைப்பணியாரத்தை, பிடித்த காரச் சட்னியோடு அவர் பிறந்தநாளில் சுட்டு நாலு பேருக்குக் கொடுங்கள். பெயரைச் சொல்லிப் பேசுங்கள், வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்காமல் தவிர்த்தால்தான் மறதி சீக்கிரம் வருகிறது.

குரலுக்கு உடனே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸாப் கணக்கை அவர்கள் நீக்கிவிடுவார்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணும் துண்டிக்கப்பட்டு, 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். ஆகவே அவர் போனை அண்ணியிடம் சொல்லி ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். உங்கள் போனிலும் உறவுக்காரர்கள் போனிலும் அவர் அனுப்பிய குரல் செய்திகளை, கல்யாண வீடியோக்களில் அவர் பேசும் இடங்களைத் தேடி எடுத்து, கணினியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக இரண்டு பிரதி போடுங்கள். எந்தச் செய்தி எந்த வருஷம், யாருக்கு அனுப்பியது என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள், அவர் பிள்ளைகளுக்கு ஒரு பிரதி கொடுங்கள்.